டீயோடு ஒரு சிகரெட், கையில் நார்மல் ரிப்போர்ட்

உட்காருங்கள் மாமா. டீ வரட்டும். அதற்குள் அந்த லேப் கவரைக் கொடுங்கள், பார்க்கலாம்.

"டோட்டல் கொலஸ்ட்ரால் 182. இருநூறுக்குள்ள இருந்தா போதும்னு அவங்களே பக்கத்துல போட்டிருக்காங்க. எல்லாம் நார்மல்" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டீர்கள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் சிகரெட் பிடிக்கிற ஒருவருக்கு இந்தத் தாளின் முதல் வரி எந்த உத்தரவாதமும் தராது. இன்றைக்கு அதை நிதானமாகப் பேசிவிடலாம்.

முதல் வரியை விட்டுவிட்டுக் கீழே வாருங்கள். எல்டிஎல் 112. ட்ரைகிளிசரைடு 185, நூற்றைம்பதைத் தாண்டியதால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். எச்டிஎல் 33, அதற்கும் நட்சத்திரம், ஏனென்றால் ஆண்களுக்கு அது 40க்குக் கீழே போகக் கூடாது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 37. அந்த 37, எல்டிஎல் 112, எச்டிஎல் 33 மூன்றையும் கூட்டுங்கள். 182 வருகிறதா? எல்டிஎல்லைத் தனியாக அளக்காத லேப்களில், டோட்டலிலிருந்து மற்ற இரண்டையும் கழித்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். அப்படியென்றால், உங்கள் டோட்டல் இவ்வளவு அழகாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதில் இருக்க வேண்டிய நல்ல பங்கு குறைந்திருப்பதுதான். உங்கள் எச்டிஎல் 50 ஆக இருந்திருந்தால் டோட்டல் 199 ஆகியிருக்கும். "என்னடா, பார்டர்ல வந்து நிக்குதே" என்று கவலையோடு வந்திருப்பீர்கள். உண்மையில் அதுதான் இதைவிட நல்ல ரிப்போர்ட்.

கொலஸ்ட்ரால் விஷம் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். செல்களின் சுவருக்கும் சில ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். பெரும்பகுதியை ஈரலே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் கரையாது என்பதால் புரதம் சுற்றிய சிறு உருண்டைகளாகப் பயணம் செய்கிறது. எல்டிஎல் உருண்டைகள் அதை உடம்பெங்கும் கொண்டுபோகின்றன. எச்டிஎல் உருண்டைகள் மிச்சத்தைத் திரும்ப ஈரலுக்கு எடுத்து வருகின்றன. இவ்வளவு போதும், மீதி போகப் போகப் புரியும்.

சிகரெட் இதில் எங்கே வருகிறது? அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி, 1989இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கணக்கு வெளியானது. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் புகைப்பவர்களுக்கு டோட்டல் கொலஸ்ட்ரால் 3 சதவீதம் கூடுதல், எல்டிஎல் 1.7 சதவீதம் கூடுதல், ட்ரைகிளிசரைடு 9.1 சதவீதம் கூடுதல், எச்டிஎல் 5.7 சதவீதம் குறைவு. பிடிக்கிற எண்ணிக்கை ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறியது. ஒரு இழுப்பு இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். அட்ரினலின் சுரக்கும். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கொழுப்பு கொஞ்சம் கரைந்து ரத்தத்துக்கு வரும். ஈரல் அதை எடுத்து ட்ரைகிளிசரைடாகக் கட்டி மறுபடி வெளியே அனுப்பும். ட்ரைகிளிசரைடு ஏறினால் எச்டிஎல் இறங்குவது வழக்கம். உங்கள் தாளில் இருக்கும் இரண்டு நட்சத்திரமும் அந்த ஜோடிதான். அதற்குச் சாப்பாடு, தொப்பை, சர்க்கரை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் சிகரெட்டும் அந்த வரிசையில் நிற்கிறது.

"மூணு பர்சென்ட், அஞ்சு பர்சென்ட் தானே? இதுக்கா இவ்வளவு பேசறே?"

நியாயமான கேள்வி மாமா. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கொலஸ்ட்ரால் எண்ணில் சிகரெட் காட்டுகிற மாற்றம் சின்னதுதான். ஆனால் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் வாய்ப்பு புகைப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. மூன்று சதவீதம் கூடுகிற ஒரு எண்ணால் மூன்று மடங்கை விளக்க முடியாது. மீதி எல்லாம் லேப் அளக்காத இடங்களில் நடக்கிறது.

முதலில் ரத்தக் குழாயின் உள்பக்கம். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்கள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். அவற்றின் உள்ளே ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்பார்கள். அவ்வளவு மெல்லிசான படலம் ஓயாமல் வேலை செய்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வாயுதான் குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது, ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இதைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது. புகையோடு வருகிற ரசாயனங்கள் அந்த நைட்ரிக் ஆக்சைடை உடனுக்குடன் அழித்துவிடுகின்றன. கை ரத்தக் குழாயை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இதைச் சோதிக்கலாம். எந்த நோயும் இல்லாத இளவயதுப் புகைப்பாளர்களிடமே குழாய் விரிய வேண்டிய அளவுக்கு விரிவதில்லை.

பழகின தோசைக்கல்லை யாராவது கம்பி நார் போட்டுச் சுரண்டிவிட்டால் அத்தைக்கு எவ்வளவு கோபம் வரும்! மாவு அதே மாவு, எண்ணெய் அதே எண்ணெய். ஆனால் அன்றைக்கு ஊற்றுகிற தோசை எல்லாம் ஒட்டிப் பிய்ந்துதான் வரும். உங்கள் எல்டிஎல் 112 என்பது மாவு. லேப் மாவைத்தான் அளந்து கொடுத்திருக்கிறது. கல் எப்படி இருக்கிறது என்று இந்தத் தாளில் எந்த வரியிலும் இல்லை.

படலம் பழுதான இடத்தில் எல்டிஎல் உருண்டைகள் சுவருக்குள் சுலபமாக நுழைகின்றன. உள்ளே போனதும் சும்மா இருப்பதில்லை. புகையால் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றம் கூடியிருப்பதால் அவை கெட்டுப்போகின்றன. கெட்டுப்போன எல்டிஎல்லை உடம்பு அந்நியப் பொருளாக எண்ணி வெள்ளணுக்களை அனுப்புகிறது. அவை அளவில்லாமல் விழுங்கி விழுங்கிக் கொழுப்பு நிறைந்த நுரை செல்களாக உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆஞ்சியோகிராமில் அடைப்பு என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டுகிறாரே, அதன் தொடக்கம் இதுதான். ஆகவே புகைக்காதவரின் 112ம் உங்கள் 112ம் ஒன்றில்லை மாமா.

அடுத்து எச்டிஎல். அது அளவில் குறைவதோடு தரத்திலும் கெடுகிறது. சிகரெட் புகையில் அக்ரோலின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அடுப்பில் எண்ணெய் கருகிப் புகையும்போது கண்ணையும் தொண்டையையும் எரிக்கிறதே, அதிலும் அதுதான் இருக்கிறது. எச்டிஎல்லின் முக்கியப் புரதத்தோடு அக்ரோலின் ஒட்டிக்கொண்டால், சுவரிலிருந்து கொழுப்பை வாங்கிக்கொள்ளும் திறனை அது இழக்கிறது. இந்த 33லும் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்பது சந்தேகம்.

"எச்டிஎல் ஏத்த மாத்திரை இருக்குமே?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதை உண்டு. டார்செட்ரபிப் என்று ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். எச்டிஎல்லை எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றியது, எல்லோரும் கொண்டாடினார்கள். பதினைந்தாயிரம் பேரிடம் சோதித்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில்தான் இறப்பு அதிகமாக இருந்தது. 2006 டிசம்பரில் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். எண்ணை மட்டும் தூக்கி நிறுத்திப் பயனில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. எச்டிஎல் ஏன் குறைந்தது என்பதற்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். நம் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் ஐசிஎம்ஆர் எடுத்த ஆய்வில், பரிசோதித்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவாக இருந்தது. ஏற்கெனவே குறைவாக உள்ளதைச் சிகரெட்டால் இன்னும் குறைத்துக்கொள்கிறோம்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் பயமூட்டுகிற பகுதி.

மாரடைப்பு என்றால் குழாய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபட்டு ஒரு நாள் முழுசாக மூடிக்கொள்வது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அப்படி நடப்பதில்லை. பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புத் திட்டு திடீரென்று வெடிக்கும். உள்ளே இருப்பது ரத்தத்தில் பட்டதும், அடிபட்ட காயத்தில் உறைவது போலவே அங்கேயும் ரத்தம் உறையும். நிமிஷங்களில் குழாய் மூடிவிடும். நேற்றுவரை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவர் இன்று இல்லை என்று கேள்விப்படுகிறோமே, அதில் பலவும் இப்படித்தான். சிகரெட் இங்கே நேரடியாகக் கை வைக்கிறது. தட்டணுக்களை ஒட்டும் தன்மையுடையவையாக மாற்றுகிறது. ரத்தத்தை உறையச் செய்யும் ஃபைப்ரினோஜென் புரதத்தைக் கூட்டுகிறது.

1997இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. இதயக் குழாய் நோயால் திடீரென இறந்த 113 ஆண்களின் இதயங்களைத் திறந்து பார்த்தார்கள். புதிதாக ரத்தம் உறைந்து இறந்தவர்களில் 75 சதவீதம் பேர் புகைப்பவர்கள். உறைவு இல்லாமல் பழைய அடைப்போடு இறந்தவர்களில் அது 41 சதவீதம்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: திட்டு வெடித்ததற்கும், எச்டிஎல் குறைந்து டோட்டலுக்கும் எச்டிஎல்லுக்குமான விகிதம் கெட்டிருந்ததற்கும் தொடர்பு இருந்தது. கொலஸ்ட்ரால் திட்டை உண்டாக்கி வெடிக்கத் தயாராக வைக்கிறது, புகை ரத்தத்தை உறையத் தயாராக வைக்கிறது. உங்கள் விகிதத்தைப் பாருங்கள்: 182ஐ 33ஆல் வகுத்தால் ஐந்தரை. டோட்டல் நார்மலாக இருந்தும் விகிதம் நார்மல் இல்லை.

இது போதாதென்று கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அதே நேரம் நிகோடின் இதயத்தை வேகமாக அடிக்க வைத்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. வேலையைக் கூட்டிவிட்டுச் சோற்றைக் குறைப்பது மாதிரி என்றுகூடச் சொல்ல வேண்டாம். இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை ஏறுகிறது, வரத்து இறங்குகிறது, அவ்வளவுதான்.

"நான் என்ன செயின் ஸ்மோக்கரா? காலையில டீயோட ஒண்ணு, சாப்பிட்டதும் ஒண்ணு, மொத்தமா நாலு."

நாலு என்பது இருபதில் ஐந்தில் ஒரு பங்கு, அதனால் ஆபத்தும் ஐந்தில் ஒரு பங்கு என்று மனசு கணக்குப் போடுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். இதயத்துக்குப் பொருந்தாது. 2018இல், 141 நீண்டகால ஆய்வுகளைக் கூட்டி எடுத்த கணக்கில், நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கே இதயக் குழாய் நோய் வாய்ப்பு 48 சதவீதம் கூடுதல். பெண்களுக்கு 57 சதவீதம். இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற ஆபத்தில் ஏறக்குறைய பாதி, முதல் ஒன்றிலேயே வந்துவிடுகிறது. தட்டணுவும் அந்த மெல்லிய படலமும் கொஞ்சம் புகைக்கே கெட்டுவிடுகின்றன என்பதே அதற்குக் காரணம். பத்திலிருந்து நாலுக்கு இறங்கியது உங்கள் மன உறுதிக்குச் சாட்சி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இதயம் கேட்பது மிச்சமுள்ள நாலையும்தான்.

அதே காரணத்தால், பக்கத்தில் இருந்து புகையை மட்டும் சுவாசிக்கிறவர்களுக்கும் இதய நோய் ஆபத்து கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அத்தையின் எச்டிஎல்லையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பீடி தேவலை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இன்டர்ஹார்ட் கணக்கில் பீடியும் சிகரெட்டும் ஒரே நிலைதான். புகையிலை போடுகிறவர்களுக்கும் மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 'லைட்' சிகரெட் என்பது வெறும் பெயர், இதயத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் உடம்புக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வெந்தன் கஜலட்சுமியும் உடன் ஆய்வாளர்களும், சென்னையிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளில் விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு 2003இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நடுவயதில் நோயால் இறக்கும் விகிதம், புகைத்தவர்களிடம் புகைக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காசநோய்ச் சாவுகள் அதில் பெரிய பங்கு. இதய, ரத்தக் குழாய் நோய்களும் கூடவே இருந்தன. இன்டர்ஹார்ட் காட்டிய இன்னொரு விஷயம்: முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 வயதில் வந்தது, மற்ற நாட்டவர்களுக்கு 59 வயதில். உங்களுக்கு ஆவணியில் 52 முடிகிறது. அதனால்தான் இன்றைக்கு உங்களை விடாமல் உட்கார வைத்திருக்கிறேன்.

பயமுறுத்தியது போதும். விட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் அதே எண்களோடு சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடு ஒரே நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். தட்டணுக்களின் ஒட்டும் தன்மை சில வாரங்களில் குறையும். அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்த ஒரு ஆய்வில், ஒரு வருஷம் விட்டிருந்தவர்களுக்கு எச்டிஎல் சராசரியாக 2.4 ஏறியது. இத்தனைக்கும் அவர்கள் எடை நாலரை கிலோ கூடியிருந்தது. எல்டிஎல்லில் மாற்றம் இல்லை. ஆகவே அதற்குத் தனியாகச் சாப்பாடும், டாக்டர் சொன்னால் ஸ்டாட்டினும் வேண்டியிருக்கும். ஆனால் ஸ்டாட்டின் போட்டுக்கொண்டு சிகரெட்டைத் தொடரலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. மாத்திரை எல்டிஎல்லைக் குறைக்கும். கார்பன் மோனாக்சைடையும் அட்ரினலினையும் அது தொடாது.

1948 முதல் ஃப்ராமிங்ஹாம் ஊரில் நடந்துவரும் இதய ஆய்வில், அதிகம் புகைத்துவிட்டு நிறுத்தியவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். தொடர்ந்து புகைப்பவர்களைவிட ஐந்து ஆண்டுக்குள் அவர்களுக்கு இதய நோய் ஆபத்து 39 சதவீதம் குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டோல் 1951இல் தொடங்கி டாக்டர்களையே ஐம்பது வருஷம் கவனித்தார். 40 வயதில் விட்டவர்கள் 9 வருஷ ஆயுளை மீட்டார்கள், 50இல் விட்டவர்கள் 6 வருஷம், 60இல் விட்டவர்களும் 3 வருஷம். உங்கள் சிநேகிதர் ஸ்டென்ட் வைத்த பிறகும் "இனி விட்டு என்ன ஆகப் போகுது" என்று பிடிக்கிறார் என்றீர்களே, அவரிடம் இதைச் சொல்லுங்கள்: இதயக் குழாய் நோய் வந்த பிறகு விட்டவர்களிடம் இறப்பு 36 சதவீதம் குறைந்திருந்தது. அவருக்கு விடுவது இன்னும் அவசரம்.

எப்படி விடுவது? உங்கள் சிகரெட் டீயோடு கட்டிப் போட்டது. பஸ் ஸ்டாண்ட் கடையில் இடது கையில் கிளாஸ், வலது கையில் சிகரெட், தூணில் கயிற்றில் தொங்குகிற லைட்டர். ஒரு மாசத்துக்கு அந்தக் கடையில் நிற்காதீர்கள். டீயை வீட்டிலோ ஆபீஸிலோ குடியுங்கள். சில்லறையாக ஒன்று, இரண்டு வாங்குவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: பெட்டியை நீங்கள் பார்ப்பதே இல்லை. படத்தோடு எச்சரிக்கை அதில்தான் இருக்கிறது. விட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய இலவச எண்ணும் அதில்தான் அச்சாகியிருக்கிறது. 1800 11 2356. போனில் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் தணியும். ஆசை எழும்பினால் சில நிமிஷங்கள்தான் நிற்கும். எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். நிகோடின் சூயிங்கம், வரெனிக்ளின் மாத்திரை இரண்டும் பலருக்குக் கை கொடுத்திருக்கின்றன. கம்மிலும் நிகோடின்தானே என்பீர்கள். அதில் புகை இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை, அக்ரோலின் இல்லை. எது உங்களுக்குச் சரி என்று டாக்டரிடம் கேளுங்கள், இந்த ரிப்போர்ட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். நடுவில் ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று ஒரு பாக்கெட் வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது அத்தை காதிலும் விழட்டும். மார்பின் நடுவில் அழுத்துகிற மாதிரி வலி, அது இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பைக் எடுக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.